‘வருகிறேன்’ என்று எழுதாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 48 வயது. கூட்டுறவு சங்கம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். 2003இல், மணிக்கு இருபது ரூபாய் வாங்கிய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, இளையராஜா ரசிகர்களுக்கான ஓர் இணைய மன்றத்தில் சேர்ந்தேன். விரைவிலேயே அங்கே பேச்சை ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர் ஆனேன். 2005இல் திருவாசகம் சிம்பொனி இசையில் வெளிவந்தபோது நாங்கள் இரவு பகலாக எழுதினோம். புடாபெஸ்ட் வாத்தியக் குழு வாசித்த ஒவ்வொரு பகுதியையும் பிரித்துப் பேசினோம். சண்டைகளைத் தீர்த்து வைப்பதற்கே எனக்கு நேரம் போதவில்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. அன்று எங்கள் மன்றத்தில் வந்தவை ஏழே பதிவுகள். அதில் மூன்று என்னுடையவை. அதற்குப் பிறகு எனக்கு எழுதவே மனம் வரவில்லை. தினமும் திறந்து பார்ப்பதோடு சரி. எல்லோரும் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டார்கள். செர்வர் செலவைப் பார்த்துக்கொள்ளும் நண்பர், வரும் தை மாதம் வரைதான் பணம் கட்ட முடியும் என்கிறார். திருகோணமலையில் 74 வயதுப் பெரியவர் ஒருவர் மட்டும் இன்றும் காலையில் ஒரு பாட்டைப் பற்றி எழுதுகிறார். நான் பதில் எழுதாவிட்டால் யாரும் எழுதுவதில்லை. “இத்தனை வருடம் அந்தப் பெட்டியோடு பேசியது போதும்” என்கிறாள் மனைவி. நான் விலகலாமா? அது துரோகம் ஆகிவிடுமா?
— பெயர் வேண்டாம், தஞ்சாவூர்.

பதில்: விலகலாமா என்று கேட்கிறீர்கள். மார்ச் மாதத்திற்குப் பிறகு எழுதவே மனம் வரவில்லை என்றும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் விலகிவிட்டீர்கள், தம்பி. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான். துரோகம் என்ற பெரிய சொல்லை இங்கே கொண்டுவர வேண்டாம். இருபத்திரண்டு வருடங்கள் கூலி வாங்காமல் ஒரு கூடத்தைப் பெருக்கி, விளக்கேற்றி, சண்டை விலக்கிவிட்டவரை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சொல்லாமல் போவது வேறு விஷயம். அதை நான் செய்திருக்கிறேன், அதனால்தான் இந்தக் கடிதத்துக்கு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

1999இல் கணவரின் வேலைக்காக நாங்கள் கோலாலம்பூரில் இருந்தோம். பழைய திரைப்பாடல்களுக்கான ஒரு மின்னஞ்சல் குழுமத்தில் சேர்ந்தேன். கே.வி. மகாதேவன், விஸ்வநாதன் – ராமமூர்த்தி காலத்துப் பாட்டுகள்தான் அங்கே பேச்சு. டொராண்டோ, கொழும்பு, துபாய் என்று எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். நான் ஒரு ராகமும் அறியாதவள். என்னிடம் இருந்தது என் அப்பா. அவர் மணப்பாறைப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அவரிடம் கேட்டுக் கேட்டு, குழுமத்தில் எழுதினேன். கார்பன் குச்சிகளை எரித்துப் படம் காட்டியது, ரீல் பெட்டி வருகிற பஸ் தாமதமானால் கூட்டத்தைச் சமாளித்தது, படம் தொடங்குவதற்கு முன் கூம்பு ஒலிபெருக்கியில் வைத்த இசைத்தட்டுகள். முதலில் பிள்ளையார் பாட்டு. அது கேட்டால் பக்கத்து ஊரில் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவார்களாம். மூன்றாவது தட்டு சுழலும்போது டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்களாம். ஆகவே இரண்டாவது பாட்டு முடிவதற்குள் ஓடி வர வேண்டும்.

2009இல் சென்னைக்குத் திரும்பினோம். மகளுக்குப் பத்தாம் வகுப்பு, மாமியாருக்கு உடம்பு சரியில்லை. யாரோடும் எனக்கு மனத்தாங்கல் இல்லை. “சிறு இடைவெளி, விரைவில் வருகிறேன்” என்று ஒரு வரி எழுதினேன். போகவே இல்லை. கொழும்பிலிருந்து எழுதும் ஒரு அம்மா மூன்று தீபாவளிக்கு என்னைத் தேடிக் குழுமத்தில் எழுதினாராம். எனக்கு அது பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. குழுமம் மூடப்படுகிறது, அவரவர் மடல்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வந்த அறிவிப்பு நான் திறக்காமல் விட்டிருந்த பழைய முகவரிக்குப் போயிருந்தது. அப்பா 2014இல் காலமானார். 2021இல் என் மகள், தாத்தாவைப் பற்றி எழுதியதைக் கொடு, என் பிள்ளைக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றாள். என்னிடம் ஒரு வரிகூட இல்லை. பிள்ளையார் பாட்டு நினைவில் இருக்கிறது. டிக்கெட் நிறுத்துகிற அந்த மூன்றாவது தட்டு எது என்று இன்றுவரை எனக்கு நினைவுக்கு வரவில்லை. கேட்பதற்கு யாரும் இல்லை.

அதனால் தம்பி, விலகுவதற்கு முன் முதல் வேலை, எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுத்துக்கொள்வது. உங்கள் நண்பர் தை வரை தவணை கொடுத்திருக்கிறார், அவரை வாழ்த்துங்கள். ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளம் தன் விவாத மன்றங்களை மூடுவதாக 2017 பிப்ரவரி 3 அன்று அறிவித்து, அதே மாதம் 20ஆம் தேதி மூடியது. பதினேழு நாள். ஆர்குட் 2014 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. யாகூ குழுமங்கள் 2020 டிசம்பர் 15 அன்று முடிவுக்கு வந்தன. அந்த மூன்றிலும் எழுதியவர்களுக்கு வீட்டுக்காரரின் முகம் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இன்றே அவரைக் கூப்பிட்டு, முழுத் தரவுத்தளத்தின் நகல் ஒன்றை இரண்டு இடங்களில் வைக்கச் சொல்லுங்கள். பக்கம் பக்கமாக நீங்கள் சேமித்துக்கொண்டிருந்தால் தை வந்துவிடும். இணையப் பக்கங்களை நகலெடுத்து வைக்கும் வேபேக் மெஷின் காப்பாற்றிவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். உறுப்பினர்கள் மட்டும் உள்ளே போய்ப் படிக்கும் விவாதத் திரிகள் அதன் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று. 2003, 2004இல் எழுதப்பட்டவற்றில் பாதி இன்று படிக்க முடியாமல் இருக்கும். ஒருவர் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் எழுதியிருப்பார். இலங்கை நண்பர்கள் பாமினி எழுத்துருவில் எழுதியிருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். யாரோ குப்பை என்று நினைத்து அழித்துவிடப் போகிறார்கள். பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் போட்டால் அது அப்படியே ஒருங்குறித் (யூனிகோட்) தமிழாக எழுந்து வரும். உங்கள் திருகோணமலை ஐயாவின் முதல் பதிவுகள் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். படங்களை நம்பாதீர்கள். கேசட் உறைகளை ஸ்கேன் செய்து வேறு தளத்தில் ஏற்றி, மன்றத்தில் இணைப்பு மட்டும் கொடுத்திருப்பீர்கள். 2017இல் போட்டோபக்கெட் என்ற படம் ஏற்றும் தளம் இலவசக் கணக்குகளின் படங்களைப் பிற தளங்களில் காட்டுவதை நிறுத்தியதும் உலகம் முழுக்க மன்றங்களில் படம் இருந்த இடம் வெறும் கட்டமாகிவிட்டது. படம் ஏற்றியவரிடம் மூலம் இருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள்.

தரவுத்தளத்தில் தனிமடல்களும் இருக்கும். அவற்றை யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஒருவர் தன் விவாகரத்தைப் பற்றி இரவு இரண்டு மணிக்கு இன்னொருவருக்கு எழுதியிருப்பார். மட்டுறுத்துநராக உங்கள் கடைசிக் கடமை அந்த மடல்களை நகலிலிருந்து நீக்கச் சொல்வது. பொதுத் திரிகளுக்கும் எழுதியவரே சொந்தக்காரர். புத்தகமாக்குகிறேன், வேறு எங்காவது போடுகிறேன் என்று யாராவது வந்தால், எழுதியவரைக் கேட்ட பிறகுதான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? அந்தக் காலத்துக் கேசட் உறையில் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்கள் இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது. வயலின் வி.எஸ். நரசிம்மன், டிரம்ஸ் புருஷோத்தமன், பேஸ் கிதார் சசிதரன் என்று இன்று ரசிகர்கள் சரளமாகச் சொல்கிறார்களே, அதற்குப் பின்னால் உங்களைப் போன்றவர்கள் பேட்டிகளைத் தேடிப் படித்து, மேடையில் பார்த்து, காதால் அடையாளம் கண்டு, தவறாக எழுதி, இன்னொருவர் திருத்திய உழைப்பும் இருக்கிறது. அந்தத் திருத்தம்தான் முக்கியம். 1977இல் பாலமுரளிகிருஷ்ணா பாடிய அந்த ரீதிகௌளை ராகப் பாட்டைப் பற்றி யாரோ ஒருவர் 2004இல் எழுதியிருப்பார். 2009இல் ஒரு பாட்டு வாத்தியார் வந்து, இந்த இடத்தில் இந்தப் பிடியைக் கவனியுங்கள் என்று அதன் கீழே ஒரு பதில் போட்டிருப்பார். உடனே ஐந்து வருடத் திரி மேலே ஏறி வந்திருக்கும். எல்லோரும் மறுபடி அந்தப் பாட்டைக் கேட்டிருப்பார்கள். வாட்ஸ்அப்பில் அது நடக்காது. நேற்று பேசியது இன்று காலை வணக்கப் படங்களுக்குக் கீழே போய்விடும். வெளியே இருப்பவர் தேடினாலும் கிடைக்காது.

இதைச் சொல்லிவிட்டு, போனவர்கள் மேல் கோபப்படாதீர்கள் என்றும் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் அந்தக் கோபம் ஓரிடத்தில் தெரிகிறது. 2003இல் எழுதியவர்கள் யார்? வெளிநாட்டில் தனியாக அறை எடுத்துத் தங்கியவர்கள், அலுவலக இணைப்பில் இரவு விழித்தவர்கள், திருமணம் ஆகாதவர்கள். ஊர் நினைவு வந்தால் பாட்டைப் பற்றி எழுதினார்கள். இன்று அவர்களுக்கு நாற்பத்தைந்து, ஐம்பது வயது. பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு, அம்மாவுக்கு முழங்கால் சிகிச்சை. அன்று ஒரு 1982ஆம் வருடப் பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் எக்கோ கேசட் வைத்திருப்பவரைத் தேடிப் பிடிக்க வேண்டும், மன்றத்துக்கு வந்தே ஆக வேண்டும். இன்று பஸ்ஸில் நின்றுகொண்டே கேட்கலாம். பாட்டு எளிதாகக் கிடைத்ததும் பாட்டைத் தேடி ஒருவரையொருவர் நாடுவது நின்றது. மன்றங்களோ மேசைக் கணினியின் அகலத் திரைக்காகச் செய்யப்பட்டவை. கைப்பேசியில் கட்டைவிரலால் நான்கு பத்தி எழுத யாருக்குப் பொறுமை? உங்கள் மன்றம் மட்டும் தோற்றுப்போனதாக நினைக்காதீர்கள்.

அடுத்தது ஐயா. உங்களுக்கு உறுத்துவது மன்றம் அல்ல, அவர்தான் என்று எனக்குப் படுகிறது. அவருக்கு வாட்ஸ்அப் குழுவின் இணைப்பை அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அவர் காலையில் கணினி முன் உட்கார்ந்து, ஒரு பாட்டைக் கேட்டு, யோசித்து, எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளிலோ எதிலோ தட்டி எழுதுகிறார். அது அவருடைய நாளின் தொடக்கம். அவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். மன்றம் மூடப்போகிறது என்பது அவருக்கு ஓர் அறிவிப்பாகப் போய்ச் சேரக் கூடாது. உங்கள் வாயால் தெரியட்டும். அதன் பிறகு, ஐயா, நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று கேளுங்கள். அவருக்கு ஒரு திட்டம் இருக்கலாம். பேரன் இருக்கலாம். மின்னஞ்சலில் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் தினமும் பதில் எழுதுவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வாரம் ஒரு முறை என்று சொல்லுங்கள். அதைக் காப்பாற்றுங்கள். முடியாத வாக்குக் கொடுத்தால் ஆறு மாதத்தில் நீங்கள் அவரிடமிருந்தும் ஒளியத் தொடங்குவீர்கள்.

மனைவி சொன்னதைப் பற்றி ஒன்று கேட்கிறேன். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று இருபத்திரண்டு வருடங்களில் ஒரு நாளாவது அவருக்குப் படித்துக் காட்டினீர்களா? அவர் பார்த்தது உங்கள் முதுகை. மூடுவதற்கு முன் ஒரு மாலை, நல்ல திரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பாட்டையும் ஓடவிட்டு, அவரை உட்காரவைத்து வாசியுங்கள். பிடிக்காமல் எழுந்து போகலாம். போகட்டும். ஆனால் நீங்கள் இவ்வளவு காலம் யாரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

கடைசியில் விடைபெறும் பதிவு. நம் வீடுகளில் “போகிறேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கக் கூடாது. “வருகிறேன்” என்றுதான் சொல்ல வேண்டும். நானும் அந்தப் பழக்கத்தில்தான் எழுதினேன், ஒரு அம்மா மூன்று தீபாவளி காத்திருந்தார். நீங்கள் “போகிறேன்” என்று எழுதுங்கள். எந்தத் தேதியோடு போகிறீர்கள், அதற்குப் பிறகு உங்களை எங்கே பிடிக்கலாம், தரவு நகல் யாரிடம் இருக்கிறது, யாருக்காவது தங்கள் பதிவுகள் வேண்டுமென்றால் யாரைக் கேட்க வேண்டும். இவை நான்கும் இருக்கட்டும். கணக்குத் தீர்க்காதீர்கள். எங்கள் குழுமத்தில் ஒருவர் விலகும்போது யார் யார் தன்னை மதிக்கவில்லை என்று நான்கு பக்கம் எழுதினார். மூன்று வாரம் சண்டை நடந்தது. அவர் அருமையாக எழுதிய எதுவும் இன்று எனக்கு நினைவில்லை, அந்த நான்கு பக்கம்தான் நினைவில் இருக்கிறது. அது அவருக்கு நியாயம் அல்ல. நன்றி சொல்ல வேண்டிய இரண்டு மூன்று பேருக்குத் தனியாக எழுதுங்கள். அவர்கள் பதில் எழுதாமல் இருக்கலாம். முகவரி மாறியிருக்கலாம். எழுதிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள், தவறில்லை. அங்கே பழைய மன்றத்தைத் தேடாதீர்கள், அவ்வளவுதான். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் ஊருக்கு வருகிறார் என்பதைத் தெரிந்துகொள்ள அது நல்ல இடம். உங்களுக்கு நான்கு பத்தி எழுதத் தோன்றினால் எழுதுங்கள், மாதம் ஒன்று, ஐயாவுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: எனக்கு 20 வயது. கல்லூரியில் படிக்கிறேன். இளையராஜாவின் ஒரு பாட்டைப் பற்றித் தேடியபோது 2006இல் நடந்த ஒரு பழைய மன்ற விவாதம் கிடைத்தது. அந்தப் பாட்டில் வரும் வயலின் கூட்டத்தில் யார் யார் வாசித்தார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்குப் பதிலே இல்லை. என் அம்மாவின் மாமா அந்த ஒலிப்பதிவில் வாசித்தவர். பத்தொன்பது வருடங்கள் கழித்துப் போய்ப் பதில் எழுதினால் வேடிக்கையாக இருக்காதா? அங்கே இப்போது யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.
— ஒரு மாணவி, நாகர்கோவில்.

பதில்: இந்த வாரமே எழுதம்மா. கேட்டவர் இன்று அங்கே இல்லாமல் இருக்கலாம், ஆனால் கேள்வி இருக்கிறது. நீ தேடி வந்ததுபோல இன்னொருவர் தேடி வருவார். சில மன்றங்களில் திரிக்குப் பதில் வந்தால் கேள்வி கேட்டவருக்கு மின்னஞ்சல் போகும். அவர் முகவரி மாறாமல் இருந்தால் ஒரு காலை நேரத்தில் அவருக்கு உன் பதில் போய்ச் சேரும். புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்தியிருந்தால் நிர்வாகிக்கு எழுது. அவரும் பதில் தராவிட்டால் அந்தப் பக்கத்தை முதலில் சேமித்துக்கொண்டு, கேள்வியையும் பதிலையும் சேர்த்து நீயே ஓர் இடத்தில் பதிவு செய்.

ஆனால் அதற்கு முன் உன் தாத்தாவிடம் போ. அம்மாவின் மாமா உனக்குத் தாத்தா முறைதானே. போனில் கேட்காதே, நேரில் போய் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டு. அவர் சொல்வதை அவர் அனுமதியோடு பதிவு செய். எந்த வருடம், எந்த ஸ்டூடியோ, காலை அழைப்பா மாலை அழைப்பா, இளையராஜா எழுதிக் கொடுத்த மேற்கத்திய நொட்டேஷன் தாளைப் பார்த்ததும் வாசித்தார்களா, எத்தனை முறை ஒத்திகை பார்த்தார்கள் என்றெல்லாம் கேள். அவருக்கு உறுதியாகத் தெரிந்ததை ஒரு பக்கமும், இருக்கலாம் என்று சொல்வதை இன்னொரு பக்கமும் எழுதிக்கொள். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தவர் யார் என்று மறக்காமல் கேள்.